போர்டு: ஒரு மரப்பலகைக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது?

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வகுப்பறைச் சுவரில் இருப்பதும் போர்டு, மின்கட்டணம் வாங்குவதும் போர்டு. விமானத்தில் ஏறுவதற்கும் அதே சொல், விடுதிச் சாப்பாட்டுக்கும் அதே சொல். இவை ஒன்றுக்கொன்று உறவா, அல்லது தற்செயலாக ஒரே எழுத்துகளில் அமைந்த வேறு வேறு சொற்களா? 'அபவ் போர்டு', 'அக்ராஸ் த போர்டு', 'கோ பை த போர்டு' போன்ற தொடர்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா?"

உறவுதான். நீங்கள் சொன்ன எல்லாமே இன்று ஒரே குடும்பம்; கப்பல், விமானப் பொருள் மட்டும் வேறொரு வேரிலிருந்து வந்து அதில் கலந்தது. வழியும் இருக்கிறது. ஆங்கில மரபுத்தொடர்களை ஐம்பது, நூறு என்று பட்டியலிட்டு, எதிரே பொருளை எழுதி, மாணவர்களை உருப்போட வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு தொடருக்குப் பின்னாலும் கையால் தொடக்கூடிய ஒரு பொருள், ஓர் இடம், ஒரு தொழில் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டால் மனப்பாடத்துக்கே வேலை இல்லை. 'போர்டு' இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு, ஏனென்றால் அதன் தொடக்கம் ஒரு மரப்பலகை. அவ்வளவுதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் பலகையைக் குறித்தது. பலகையால் செய்த மேசையைக் குறித்தது. செய்யுளில் கேடயத்தையும் குறித்தது. இவற்றோடு கப்பலின் பக்கச்சுவர் என்ற பொருளும் அதற்கு உண்டு. இந்தக் கடைசிப் பொருள் மட்டும் வேறொரு வேரிலிருந்து வந்தது என்பதே பொதுவான கருத்து. ஜெர்மானிய மொழிகளில் 'பலகை' என்று ஒரு சொல்லும் 'ஓரம், விளிம்பு' என்று ஒரு சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியில் இருந்தன. கப்பலின் விளிம்பே பலகைகளால் ஆனது என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 'ஓரம்' என்ற அந்த இரண்டாம் சொல் பிரெஞ்சுக்குப் போய் உருமாறி, 'பார்டர்' என்று ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்தது. பட்டுச்சேலைக்கு நாம் பார்டர் என்று சொல்கிறோமே, அதே சொல்தான். காஞ்சிபுரம் சேலையின் கரையும் கப்பலின் ஓரமும் சொல்லளவில் உடன்பிறப்புகள்.

ஆகவே 'போர்டு' வரும் எந்தத் தொடரைக் கண்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்தப் பலகை? சாப்பாட்டு மேசையா, ஆலோசனை மேசையா, சூதாட்டப் பலகையா, கப்பலின் பக்கமா, சுவரில் மாட்டியதா?

முதலில் சாப்பாட்டு மேசை. இடைக்கால இங்கிலாந்தில் பிரபுக்களின் பெரிய கூடத்தில் மேசைகள் நிலையாகப் போட்டுக் கிடக்காது. சாப்பாட்டு நேரம் வந்தால் மரத்தாங்கிகளை நிறுத்தி, நீண்ட பலகைகளை அவற்றின் மேல் பரப்புவார்கள். உண்டு முடித்ததும் பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அதே கூடத்தில் பலரும் படுத்துறங்குவார்கள். எனவே 'பலகை போட்டாயிற்று' என்றாலே சாப்பாடு தயார் என்று பொருள். பலகை என்ற சொல் மெல்ல அதன் மேல் வைத்த உணவையே குறிக்கத் தொடங்கியது. நாமும் 'இலை போட்டாயிற்று' என்று சொன்னால் வாழையிலையை மட்டுமா நினைக்கிறோம்?

அக்காலத் திருமணச் சடங்கில் மணமகள், படுக்கையிலும் பலகையிலும் கணவனுக்கு இணக்கமாக இருப்பேன் என்று உறுதி கூறுவாள். பலகை என்பது அங்கே உணவு மேசை, அதாவது இல்வாழ்க்கை முழுவதும். தம்பதியர் பிரிந்து வாழ நீதிமன்றம் அனுமதித்தால், 'படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும்' பிரிவு என்றே ஆங்கிலச் சட்டம் அதைக் குறித்தது.

இங்கிருந்துதான் 'போர்டிங்' வந்தது. பணம் கொடுத்து ஒரு வீட்டில் சாப்பிடுபவர் 'போர்டர்'. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுத் தங்கவைத்துப் படிப்பிப்பது 'போர்டிங் ஸ்கூல்'. நம் ஊர்களில் பழைய விடுதிகளின் வாசலில் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே பொருளை அடுக்கிச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். போர்டிங் என்றால் சாப்பாடு. லாட்ஜிங் என்றால் தங்கும் இடம். இந்த வேறுபாடு மறைந்துபோனதற்கு நல்ல சான்று இலங்கை. அங்கே கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவர் 'போடிங்கில் இருக்கிறேன்' என்றால் வாடகை அறையில் இருக்கிறார் என்று பொருள். சாப்பாடு அங்கே கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சுற்றுலா விடுதிகளில் 'ஃபுல் போர்டு' என்றால் மூன்று வேளை உணவும் கட்டணத்தில் அடங்கும். 'ஹாஃப் போர்டு' என்றால் பெரும்பாலும் காலை உணவும் இரவு உணவும். வெளிநாட்டில் அறை பதிவுசெய்யும் தமிழர்கள் இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதே மேசையிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'கபோர்டு'. எழுத்தில் கப்பும் போர்டும் சேர்ந்தது. முதலில் அது கதவு போட்ட அலமாரி இல்லை. வெள்ளிக் கோப்பைகளை விருந்தினர் கண்ணில் படும்படி அடுக்கிவைக்கும் மேசை. பின்னால் மேசைக்குத் தடுப்பும் கதவும் வந்தன, பெயர் மட்டும் மாறவில்லை. உச்சரிப்பில் 'ப்' ஒலி தேய்ந்து, சொல்லுக்குள் பலகை இருப்பதே காதுக்குத் தெரியாமல் போயிற்று.

இரண்டாவது, ஆலோசனை மேசை. என் கருத்தில் இந்தச் சொல்லின் வரலாற்றில் மிகவும் வளமான பகுதி இதுதான், நமக்கு நேரடித் தொடர்பு உள்ளதும் இதுதான். மேசை உணவைக் குறித்ததுபோல, மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுக்கும் ஆட்களையும் குறித்தது. அதிகாரத்தைத் தட்டுமுட்டுப் பொருளின் பெயரால் அழைப்பது ஆங்கிலத்தின் வழக்கம். நீதிபதிகள் அமரும் பெஞ்சு நீதிபதிகளையே குறிக்கும். கூட்டத் தலைவரை நாற்காலி என்பார்கள். தமிழுக்கும் இது அந்நியம் இல்லை. பல்கலைக்கழகத்தில் 'கலைப்பீடம்' என்று இலங்கையில் வழங்குகிறதே, பீடம் என்பது இருக்கைதானே?

1784இல் இங்கிலாந்துப் பிரதமர் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட ஓர் அமைப்பை லண்டனில் ஏற்படுத்தியது. அதற்குப் பெயர் 'போர்டு ஆஃப் கன்ட்ரோல்'. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1786இல், சென்னையில் வருவாயைக் கவனிக்க 'போர்டு ஆஃப் ரெவின்யூ' வந்தது. அடுத்த நூற்றாண்டில் 1884இன் சென்னை உள்ளாட்சிச் சட்டத்தால் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற அமைப்புகள் ஊர்ப்புறம் வரை இறங்கின. சாலையும் சத்திரமும் பள்ளிக்கூடமும் அவற்றின் பொறுப்பு. 'போர்டு ஸ்கூலில் படித்தேன்' என்று அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சொன்னால், கரும்பலகை வைத்த பள்ளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜில்லா போர்டு நடத்திய பள்ளி. இன்று 'ஸ்டேட் போர்டா, மத்திய போர்டா' என்று பெற்றோர் பேசிக்கொள்வதும், 'போர்டு எக்ஸாம்' என்று பிள்ளைகள் கலங்குவதும் அந்த வழிவந்த பேச்சுதான்.

இந்தப் பொருளுக்குத் தமிழில் நாம் வைத்த சொல் 'வாரியம்'. எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொற்களில் இது ஒன்று. பலகை என்று மொழிபெயர்த்திருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஊர் வேலைகளை ஒப்படைத்த விதம் அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதப்படுபவருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்; கால் வேலிக்கு மேல் நிலம் இருக்க வேண்டும்; இன்னும் பல நிபந்தனைகள் உண்டு. இப்படித் தேர்ந்தவர்கள் சம்வத்சர (ஆண்டு) வாரியம், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பிரிந்து பணியாற்றினார்கள். அவர்களைக் கல்வெட்டு 'வாரியப் பெருமக்கள்' என்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தச் சொல்லை எடுத்து, மின்சார வாரியம், வீட்டு வசதி வாரியம், குடிநீர் வாரியம் என்று இன்றைய அலுவலகங்களுக்குச் சூட்டியிருக்கிறோம். பொருத்தம் அபாரம்: ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அமர்த்தப்பட்ட குழு என்பதே அன்றும் இன்றும் பொருள்.

மின்சார வாரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1957இல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம் 2010இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மக்கள் இன்றுவரை 'இ.பி.' என்றும் 'மின்வாரியம்' என்றும்தான் சொல்கிறார்கள். அமைப்பு மாறினாலும் பெயர் மாற மறுக்கிறது. கபோர்டு கதையும் அதுதானே.

குழுவைப் பலகையோடு சேர்த்துப் பார்த்த இன்னொரு மரபும் நம்மிடம் உண்டு: சங்கப்பலகை. மதுரைப் புலவர்களுக்குச் சிவபெருமான் கொடுத்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும் பலகை அது. தகுதியுள்ள புலவர் வந்தால் இடம் தந்து நீளும். தகுதி இல்லாதவருக்கு இடம் கிடைக்காது. திருக்குறள் அரங்கேறிய கதையிலும் அந்தப் பலகை வருகிறது. ஆங்கிலத்தில் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் பலகையானார்கள். நம் கதையில் பலகையின் மேலேயே அமர்ந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவையையும் பலகையையும் மனித மனம் இரண்டு இடங்களில் தனித்தனியாக இணைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

மூன்றாவது, ஆட்டப் பலகை. செஸ் போர்டு, கேரம் போர்டு எல்லாருக்கும் தெரியும். ஆனால் நீங்கள் கேட்ட 'அபவ் போர்டு' பிறந்தது சீட்டாட்ட மேசையில். கைகள் மேசைக்கு மேலே எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தால் சீட்டு மாற்ற முடியாது. மேசைக்குக் கீழே போனால் சந்தேகம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது 'ஒளிவுமறைவில்லாத' என்ற பொருளில் எழுத்தில் வந்துவிட்டது. லஞ்சத்தைக் குறிக்கும் 'அண்டர் த டேபிள்' இதற்கு நேர் எதிர்; அதே மேசையின் அடிப்பக்கம். பந்தயப் பணம் முழுவதையும் ஒருவரே ஜெயித்து மேசையிலிருந்து வழித்துக்கொள்வது 'ஸ்வீப் த போர்டு'. விருது விழாவில் எல்லாப் பரிசுகளையும் ஒரே படம் அள்ளிக்கொண்டால் இதைச் சொல்லலாம்.

'அக்ராஸ் த போர்டு' அமெரிக்கக் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. அங்கே முதல், இரண்டாம், மூன்றாம் இடங்களுக்குத் தனித்தனியாகப் பந்தயம் கட்டலாம். ஒரே குதிரையின் மேல் மூன்றுக்கும் சம அளவில் கட்டினால் அது பந்தயப் பலகையின் குறுக்கே முழுவதுமாகக் கட்டியது ஆகும். அதிலிருந்து 'விதிவிலக்கு இல்லாமல் எல்லாருக்கும்' என்ற பொருள் விரிந்தது. எல்லா ஊழியர்களுக்கும் பத்து சதவீத ஊதிய உயர்வு என்றால் அது அக்ராஸ் த போர்டு. இதைத் தமிழில் எழுதும்போது 'பலகை முழுவதும்' என்று யாராவது எழுதினால் தயவுசெய்து திருத்துங்கள். 'ஒரே சீராக', 'பாகுபாடின்றி அனைவருக்கும்' என்று நம்மிடம் நல்ல சொற்கள் இருக்கின்றன.

ஆட்டப் பலகை பற்றிப் பேசும்போது வள்ளுவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்" என்பது 401ஆம் குறள். கட்டம் வரையாமல் காய் உருட்டி ஆடுவது போன்றது, கல்வி இல்லாமல் அவையில் பேசப் புகுவது. இங்கே 'அரங்கு' என்பது ஆட்டக் கட்டம். அதே அரங்குதான் நாடக மேடைக்கும் பெயர், கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கும் பெயர். ஆங்கிலத்தில் பலகைக்கு நேர்ந்தது தமிழில் அரங்குக்கு நேர்ந்திருக்கிறது. ஏனென்றால் நடிகர்கள் மேடையேறுவதை ஆங்கிலத்தில் 'ட்ரெட் த போர்ட்ஸ்' என்பார்கள், பலகைகளை மிதிப்பது. மேடைத் தளம் பலகையால் ஆனது. 'கழகம்' என்ற சொல்லையும் பாருங்கள். குறளில் சூதாடும் இடம் அது. பின்னால் கல்வி பயிலும் அவை, இன்று கட்சி, பல்கலைக்கழகம். ஆடுவதற்குக் கூடும் இடமும் ஆலோசிக்கக் கூடும் இடமும் ஒரே சொல்லில் ஒதுங்குவது ஆங்கிலத்தின் தனி விசித்திரம் இல்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி கப்பல். ஆங்கிலேயர் கடலோடிகள் என்பதால் இந்தப் பொருளிலிருந்து கிளைத்தவை ஏராளம்.

நடுவில் சுக்கான் பொருத்தும் முறை வருவதற்கு முன் வடக்கு ஐரோப்பியக் கப்பல்களைத் திருப்பியது பின்பகுதியில் ஒரு பக்கமாகக் கட்டிய பெரிய துடுப்பு. மனிதர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் அது வலப்புறம் இருந்தது. நார்வேயில் கோக்ஸ்டாட் என்ற இடத்தில் 1880இல் தோண்டியெடுத்த வைக்கிங் கப்பலிலும் அப்படித்தான் இருக்கிறது. செலுத்தும் பக்கம் என்பதால் வலப்புறம் 'ஸ்டார்போர்டு' ஆயிற்று. அதில் நட்சத்திரம் எதுவும் இல்லை. 'ஸ்டியரிங்' என்று நாம் சொல்லும் சொல்லின் பழைய வடிவம்தான் அந்த 'ஸ்டார்'. துடுப்பு இடிபடாமல் இருக்க, துறையில் இடப்பக்கத்தை அணைத்துத்தான் கப்பலை நிறுத்த வேண்டும்; சரக்கு அந்தப் பக்கமாக ஏறும். எனவே இடப்புறத்துக்கு, ஏற்றும் பக்கம் என்ற பொருளில் 'லார்போர்டு' என்று பெயர் வந்தது. புயலில் கத்திச் சொல்லும்போது ஸ்டார்போர்டும் லார்போர்டும் காதில் ஒன்றுபோல விழுந்தால் என்ன ஆகும்? அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை நீக்கி 'போர்ட்' என்ற துறைமுகச் சொல்லையே இடப்புறத்துக்கு நிலைநிறுத்தியது. இரண்டு ஆண்டுகளில் அமெரிக்கக் கடற்படையும் பின்பற்றியது. இன்றும் விமானத்தில் பயணிகள் பெரும்பாலும் இடப்பக்கக் கதவு வழியாகவே ஏறுகிறார்கள். கப்பல் வழக்கம் வானத்துக்கும் போயிருக்கிறது.

விமானத்தில் ஏறுவதற்கு 'போர்டிங்' என்று ஏன் பெயர் என்ற உங்கள் கேள்விக்கும் விடை இங்கேதான். ஒரு கப்பலைப் 'போர்டு' செய்வது என்றால் அதன் பக்கத்தோடு பக்கமாக நெருங்கி உள்ளே குதிப்பது. பழைய கடற்போரில் அது தாக்குதல். 'ரிப்பெல் போர்டர்ஸ்' என்ற கட்டளைக்கு, ஏறி வருபவர்களை விரட்டியடி என்று பொருள். ஒரே 'போர்டர்' என்ற சொல் கரையில் சோறு வாங்கி உண்ணும் விருந்தாளியையும் கடலில் வாளோடு ஏறிவரும் பகைவனையும் குறித்தது. ஒருவர் மேசை வழியாக வந்தவர், மற்றவர் கப்பல் விளிம்பு வழியாக வந்தவர். காலப்போக்கில் பகைமை கழிந்து, ஏறுவது மட்டும் மிஞ்சியது. கப்பலிலிருந்து ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் அது பரவியது. 'போர்டிங் பாஸ்' கையில் வைத்திருப்பவர் சொல்லின் பழைய பொருளில் கப்பலைக் கைப்பற்றும் படைவீரர்.

கப்பல் விளிம்பைத் தாண்டி விழுவது 'ஓவர்போர்டு'. அளவு கடந்துபோவதற்கு அது உருவகமானது: கல்யாணச் செலவில் ஒருவர் எல்லை மீறினால் 'வென்ட் ஓவர்போர்டு'. நீங்கள் கேட்ட 'கோ பை த போர்டு' இதற்குப் பக்கத்து வீடு. புயலில் பாய்மரம் முறிந்து கப்பலின் பக்கமாகச் சரிந்து கடலில் போவதைக் கப்பலோட்டிகள் அப்படிச் சொன்னார்கள். இன்று கைவிடப்பட்ட திட்டத்துக்கும், காற்றில் பறந்த கொள்கைக்கும் அது பொருந்தும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னதில் மிகை, பின்னதில் இழப்பு. 'டேக் ஆன் போர்டு' சரக்கை ஏற்றுவது. பிறர் சொன்ன கருத்தை ஏற்றுக்கொள்வதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரைப் பழக்கப்படுத்துவதற்குச் சொல்லும் 'ஆன்போர்டிங்' மிக அண்மைக் காலத்துப் பிள்ளை. நம் மீனவர்கள் படகின் பின்புறம் பொருத்தும் அவுட்போர்டு என்ஜினிலும் இதே பொருள்தான் இருக்கிறது: விளிம்புக்கு வெளியே இருப்பது.

சுவரிலும் தரையிலும் இருக்கும் பலகைகளை விரைவாகப் பார்த்துவிடலாம், அவற்றில் புதிர் குறைவு. கரும்பலகை, அறிவிப்புப் பலகை, பெயர்ப் பலகை எல்லாம் நேர்ப் பொருள். நூலின் கெட்டி அட்டைக்கும் ஆங்கிலத்தில் போர்டு என்றே பெயர், ஏனென்றால் இடைக்காலத்து நூல்களின் அட்டை உண்மையான மரம். நம் ஓலைச்சுவடிகளின் இருபுறமும் வைத்த மரச்சட்டங்களைப் போல. 'பேக் டு த டிராயிங் போர்டு' என்றால் வரைபடப் பலகைக்குத் திரும்பு, அதாவது முதலிலிருந்து தொடங்கு. 1941இல் பீட்டர் ஆர்னோ என்ற ஓவியர் நியூயார்க்கர் இதழில் வரைந்த கேலிச்சித்திரம் இதைப் பரப்பியது: விமானம் நொறுங்கிக் கிடக்கிறது, வடிவமைத்தவர் சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதைச் சொல்லியபடி நடந்துபோகிறார். 'சவுண்டிங் போர்டு' தேவாலயத்தில் பிரசங்க மேடைக்கு மேலே, குரல் சிதறாமல் மக்களை நோக்கித் திரும்பும்படி கட்டிய பலகை. நம் யோசனையைச் சொல்லிப் பார்த்து, அது எப்படி ஒலிக்கிறது என்று அறிய உதவும் நண்பருக்கு இன்று அந்தப் பெயர். அழகான உருவகம் என்று நினைக்கிறேன்.

'டாஷ்போர்டு' மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 'டாஷ்' என்றால் இங்கே வாரி அடிப்பது. குதிரை வண்டியின் முன்புறம், குதிரைக் குளம்புகள் வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் படாமல் தடுக்க வைத்த பலகை அது. மோட்டார் கார் வந்தபோது குதிரை போயிற்று, சேறும் போயிற்று, ஓட்டுபவர் முன்னால் இருக்கும் தடுப்பு மட்டும் பெயரோடு தங்கியது. அதில் வேகமானியும் எரிபொருள் முள்ளும் பொருத்தினார்கள். பிறகு 'தகவல்களை ஒரே பார்வையில் காட்டும் இடம்' என்ற பொருளில் கணினித் திரைக்குத் தாவியது. இன்று மாவட்ட வாரியான புள்ளிவிவரங்களைக் காட்டும் அரசு இணையப் பக்கத்தை டாஷ்போர்டு என்கிறோம். சேற்றுத் தடுப்புப் பலகையின் பேரப்பிள்ளை அது.

தமிழுக்குள் வந்த 'போர்டு' இங்கே வந்தும் சும்மா இருக்கவில்லை. 'வக்கீல் என்று போர்டு மாட்டிவிட்டார்' என்றால் தொழில் தொடங்கிவிட்டார் என்று பொருள். திரையரங்கில் 'ஹவுஸ்ஃபுல் போர்டு' தொங்கினால் படம் வெற்றி. சென்னையில் சாதாரணக் கட்டணப் பஸ்ஸுக்கு 'ஒயிட் போர்டு பஸ்' என்று பெயர். பலகையின் நிறமே கட்டணத்தைச் சொல்லிவிடுகிறது. இவை நம் மக்கள் உருவாக்கிய பயன்பாடுகள். ஆங்கில அகராதியில் தேட வேண்டியதில்லை, வெட்கப்படவும் வேண்டியதில்லை.

கடைசியாக, வாக்கியத்தில் எந்தப் பலகை என்று கண்டுபிடிக்க உதவும் இலக்கணக் குறிப்பு ஒன்று. 'த' என்ற சுட்டுச்சொல் இல்லாமல் 'ஆன் போர்டு' என்று வந்தால் கப்பல் குடும்பம்: ஊர்தியில் இருக்கிறார், அல்லது திட்டத்துக்கு இசைந்திருக்கிறார். 'ஆன் த போர்டு' என்று வந்தால் குழுவில் உறுப்பினர், அல்லது பலகையில் எழுதியிருக்கிறது. வினைச்சொல்லாக வந்து நேரே ஓர் ஊர்தியைச் செயப்படுபொருளாகக் கொண்டால் ஏறுவது. 'வித்' அல்லது 'அட்' தொடர்ந்தால் பெரும்பாலும் பணம் கொடுத்து உண்டு தங்குவது. 'அப்' சேர்ந்தால் சன்னலைப் பலகை அடித்து மூடுவது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாக்கியம்: 'த போர்டு இஸ் ஆன் போர்டு, பட் த பட்ஜெட் ஹாஸ் கான் பை த போர்டு.' முதல் போர்டு ஆலோசனை மேசை. இரண்டாவது, சுட்டுச்சொல் இல்லாததால், கப்பல். மூன்றாவது முறிந்து கடலில் விழுந்த பாய்மரம். நிர்வாகக் குழு இசைந்துவிட்டது, ஆனால் வரவுசெலவுத் திட்டம் கைவிட்டுப் போய்விட்டது என்று பொருள்.